சொந்த ரத்தமே மருந்தாகும் வைத்தியம்

ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு புதிய வைத்தியம் மும்பையிலேயே தயாராகிறது. இது மாத்திரை இல்லை. புட்டியில் அடைத்துக் கடையில் விற்கும் ஊசி மருந்தும் இல்லை. நோயாளியின் உடம்பிலிருந்தே வெள்ளை அணுக்களை எடுத்து, அவற்றின் மரபணுவில் ஒரு புதிய வாசகத்தைச் சேர்த்து, புற்றுநோயை அடையாளம் கண்டு கொல்லப் பழக்கி, அதே நோயாளிக்குத் திரும்ப ஏற்றுகிறார்கள். ‘கார்-டி’ வைத்தியம் என்று இதற்குப் பெயர்.

பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யும் பரேல் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்த வைத்தியத்துக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2023 அக்டோபரில் அனுமதி வழங்கியது. 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி ஜனாதிபதி திரௌபதி முர்மு ஐ.ஐ.டி.க்கு வந்து இதைத் தொடங்கி வைத்தார். ‘நெக்ஸ்கார்-19’ என்பது மருந்தின் பெயர்.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. அதன் பிறகு வாய் வார்த்தையாகவும் பரவியது. பரவும்போது கைகால் முளைப்பது இயற்கைதானே! தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்து டாட்டா ஆஸ்பத்திரிக்கு வந்த உறவினரைத் தங்க வைத்த அனுபவம் பலருக்கு உண்டு. அவர்களுக்கெல்லாம் இப்போது ஊரிலிருந்து இதே கேள்விதான் வருகிறது. முன்பதிவு கவுண்டரில் டிக்கெட் எடுக்க வந்த திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் இந்த நிருபரிடமே கேட்டார்: “ரத்தத்தை எடுத்து, அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துத் திரும்ப ஏத்துதாங்களாமே தம்பி, மெய்தானா? எல்லாப் புத்துக்கும் கேக்குமாமே?”

முதல் கேள்விக்கு, மெய்தான் என்று தைரியமாகப் பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு, இல்லை என்பதே பதில். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் பல குடும்பங்களின் நிலமும் நகையும் ஊசலாடிக் கொண்டிருப்பதால் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டிக்கெட் பரிசோதகரை ஏமாற்றும் பயணி

நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களில் பல ஜாதிகள் உண்டு. அவற்றில் இரண்டு நமக்கு இங்கே முக்கியம். ஒன்று ‘பி’ அணு. கிருமிகள் உள்ளே நுழைந்தால் அவற்றின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிப்பது இதன் வேலை. மற்றது ‘டி’ அணு. இது நேரடியாகக் களத்தில் இறங்கும். வைரஸ் புகுந்த அணுவையோ கெட்டுப்போன அணுவையோ கண்டால் பக்கத்தில் போய் ஒட்டி, அதன் சுவரில் துளை போட்டு, உள்ளே நஞ்சைச் செலுத்திக் கொன்றுவிடும். பிறகு அடுத்ததைத் தேடிப் போகும்.

டி அணுவை ரயிலில் வரும் டிக்கெட் பரிசோதகருக்கு ஒப்பிடலாம். உடம்பிலுள்ள ஒவ்வோர் அணுவும் தன்னுள்ளே என்னென்ன புரதங்கள் தயாராகின்றன என்பதற்கு அத்தாட்சியாகச் சிறு துண்டுகளை வெளிச் சுவரில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டி அணு அதைப் பார்க்கும். சரியாக இருந்தால் நகர்ந்துவிடும். புற்றுநோய் அணு வெளியூரிலிருந்து வந்த கிருமி இல்லை. நம் சொந்த அணுவே புத்தி மாறிக் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் புற்றுநோய். ஆகவே அதன் கையிலும் டிக்கெட் இருக்கிறது. சில புற்றணுக்கள் டிக்கெட்டைக் காட்டாமல் மறைத்தும் விடுகின்றன. பரிசோதகர் பக்கத்திலேயே நடந்து போனாலும் பிடிக்க முடிவதில்லை.

சரி, டிக்கெட்டை நம்பாமல் ஆளின் முகத்தை வைத்தே பிடிக்கும்படி பரிசோதகரின் கையில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்துவிட்டால் என்ன? கார்-டி வைத்தியத்தின் சூட்சுமம் இதுதான்.

இஸ்ரேல் நாட்டு வைஸ்மான் ஆராய்ச்சி நிலையத்தில் ஸெலிக் எஷ்ஹார் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1989-இல் இதை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். பி அணு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதத்துக்குக் கண் கூர்மை; எதிரியின் மேற்பரப்பைப் பார்த்தே ஒட்டிக்கொள்ளும். ஆனால் கொல்லும் பலம் டி அணுவுக்குத்தான் அதிகம். எஷ்ஹார் இதன் கண்ணை எடுத்து அதன் கையோடு பொருத்தினார். கிரேக்கக் கதைகளில் சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த ‘கைமீரா’ என்ற மிருகம் ஒன்று வரும். அதன் பெயரை வைத்துத்தான் இந்தக் கலப்புப் புரதத்துக்கு ‘கைமெரிக் ஆன்டிஜன் ரிசெப்டர்’ என்று பெயர் வைத்தார்கள். முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ‘கார்’. நம்மூரில் இதைக் கண்டுபிடித்திருந்தால் கோயில் தூணில் நிற்கும் யாளியின் பெயரை வைத்திருப்பார்கள்!

ஆரம்ப காலத்து யாளிகள் உடம்புக்குள் போன சில நாட்களிலேயே சோர்ந்து மடிந்தன. அணு பெருகவும் நிலைத்து நிற்கவும் தூண்டும் இன்னொரு பகுதியை உள்ளே சேர்த்த பிறகே அவற்றுக்கு உயிர் வந்தது. நியூயார்க்கில் மிஷேல் சடலைன், பென்சில்வேனியாவில் கார்ல் ஜூன் முதலியவர்களின் பல ஆண்டு உழைப்பு இதில் இருக்கிறது. இந்த இருவருக்கும் 2024-இல் ‘பிரேக்த்ரூ’ பரிசு கிடைத்தது.

பி அணுக்களில் தொடங்கும் புற்றுநோயை முதலில் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. பி அணுக்களின் மேற்பரப்பில் ‘சி.டி.19’ என்ற ஒரு புரதம் இருக்கிறது. புற்றாக மாறிய பி அணுவிலும் இருக்கிறது. நல்ல பி அணுவிலும் இருக்கிறது. இதயத்திலோ நுரையீரலிலோ கல்லீரலிலோ கிடையாது. ஆகவே சி.டி.19-இன் படத்தைக் காட்டி டி அணுவை ஏவினால் நல்லது கெட்டது இரண்டும் சேர்ந்து அழியும். ஆனால் பி அணு இல்லாமல் மனிதன் பிழைத்திருக்க முடியும். எதிர்ப்புப் புரதத்தை வெளியிலிருந்து அவ்வப்போது ஊசி மூலம் ஏற்றிக்கொண்டால் போதும். இதயத்தையோ நுரையீரலையோ இழந்துவிட்டு அப்படிச் சமாளிக்க முடியுமா? வயிற்றுப் புற்றுக்கும் வாய்ப் புற்றுக்கும் இந்த வைத்தியம் இன்னும் வந்து சேராததற்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்தப் புற்றுக்களின் மேல் இருக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் வாழ்வதற்கு அவசியமான மற்ற உறுப்புகளிலும் இருந்து தொலைக்கின்றன. தவிர, கட்டியாகத் திரண்ட புற்றுக்குள் டி அணுக்கள் நுழைவதும், நுழைந்தபின் செயலிழக்காமல் இருப்பதும் பெரும் பாடு.

பிலடெல்பியாவில் ஒரு சிறுமி

2012-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமி இருந்தாள். ரத்தப் புற்றுநோய் இரண்டாம் முறை திரும்பி வந்துவிட்டது. கையிலிருந்த மருந்துகள் எல்லாம் தோற்றுவிட்டன. கார்ல் ஜூனின் குழுவினர் தயாரித்த டி அணுக்களை அந்த ஏப்ரலில் அவளுக்கு ஏற்றினார்கள். இந்த வைத்தியத்தை ஏற்ற முதல் குழந்தை அவள்தான்.

சில நாட்களில் கடுமையான காய்ச்சல் வந்தது. ரத்த அழுத்தம் சரிந்தது. மூச்சுக் கருவி வைத்தார்கள். சுயநினைவு போயிற்று. பிழைப்பது ஆயிரத்தில் ஒன்று என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். உள்ளே நடந்தது இதுதான்: ஏற்றிய அணுக்கள் பகைவனைக் கண்டு ஒன்று ஆயிரமாகப் பெருகி, போர் முரசு போல ரசாயனச் சமிக்ஞைகளைக் கொட்ட, அந்த வெள்ளத்தில் உடம்பே தத்தளித்தது. ரத்தத்தைப் பரிசோதித்தபோது ‘இன்டர்லூக்கின்-6’ என்ற சமிக்ஞைப் பொருள் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது தெரிந்தது.

இங்கேதான் ஒரு விசேஷம். கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே மூட்டுவாதம். அந்த நோய்க்கு ‘டோசிலிசுமாப்’ என்று ஒரு மருந்து வந்திருப்பதும், அது இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் என்பதும் தகப்பன் என்ற முறையில் அவருக்குத் தெரிந்திருந்தது. புற்றுநோய் வைத்தியத்தில் அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத மருந்து அது. கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் தணியத் தொடங்கியது. எமிலி தன் ஏழாவது பிறந்த நாளன்று கண் விழித்தாள். அடுத்த சில நாட்களில் நடந்த பரிசோதனையில் புற்றுநோயின் சுவடே இல்லை. பத்து ஆண்டு கழித்து, 2022-இலும் அவள் நோயின்றி இருந்தாள்.

அந்தச் சிறுமி அன்றைக்குப் பிழைத்திருக்காவிட்டால் இந்த ஆராய்ச்சியே நின்றுபோயிருக்கும் என்று ஜூன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 2017 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் இந்த வைத்தியத்துக்கு அனுமதி தந்த அதே நாளில், இதன் பக்கவிளைவைத் தணிக்க டோசிலிசுமாப் மருந்தையும் அனுமதித்தது.

அனுமதி கிடைத்தது, விலை கிடைக்கிற விலையாக இல்லை. ஒரு நோயாளிக்கு 4,75,000 டாலர். இன்றைய கணக்கில் ஏறக்குறைய நாலு கோடி ரூபாய். இதில் ஆஸ்பத்திரிச் செலவு சேரவில்லை.

பவாயில் நடந்தது

இந்த விலையில் இந்தியாவுக்கு அந்த மருந்து வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ராகுல் புர்வாரும் அவருடைய மாணவர்களும் இதை இங்கேயே செய்து பார்ப்பதென்று இறங்கினார்கள். டாட்டா மருத்துவமனையின் டாக்டர்கள் கௌரவ் நரூலா, ஹஸ்முக் ஜெயின் முதலியோர் வைத்தியப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மத்திய சர்க்காரின் உயிர்த் தொழில்நுட்பத் திட்டத்திலிருந்து 19 கோடியே 15 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2018-இல் ஐ.ஐ.டி. வளாகத்திலேயே ‘இம்யூனோஆக்ட்’ என்ற கம்பெனி தொடங்கப்பட்டது.

டி அணுவுக்குள் புதிய மரபணுவைக் கொண்டு சேர்க்க ஒரு வாகனம் வேண்டும். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸின் இனத்திலிருந்தே அந்த வாகனத்தைச் செய்கிறார்கள் என்றால் வாசகர்கள் திடுக்கிடக் கூடாது. அணுவுக்குள் புகுந்து மரபணுவில் எழுதிவிட்டு வருவதில் அந்த வைரஸைப் போலக் கெட்டிக்காரன் வேறில்லை. நோய் உண்டாக்கும் பகுதிகளையும் பெருகும் பகுதிகளையும் நீக்கிவிட்டு, கூடை மட்டும் சுமக்கும் ஆளாக அதை மாற்றிவிடுகிறார்கள். பல் பிடுங்கிய பாம்பு. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் இந்த வாகனமே பெரும் செலவு. இதை இங்கேயே தயாரித்ததுதான் விலை இறங்கியதற்கு முக்கியமான காரணம்.

இன்னொரு மாற்றமும் செய்தார்கள். வெளிநாட்டு மருந்துகளில் சி.டி.19-ஐ அடையாளம் காணும் ‘கண்’ எலியின் புரதத்திலிருந்து எடுத்தது. பவாய்க் குழுவினர் அதை மனிதப் புரதத்தை ஒத்ததாக மாற்றியமைத்தார்கள். கடுமையான பக்கவிளைவுகள் தங்கள் நோயாளிகளிடம் குறைவாக இருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

2021 ஜூன் 4-ஆம் தேதி நவி மும்பை கார்கரில் உள்ள டாட்டா நிலையத்தின் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவில் இந்தியாவின் முதல் கார்-டி வைத்தியம் நடந்தது. தொடங்கியபோது விலை முப்பது, நாற்பது லட்ச ரூபாய் என்ற அளவில் நின்றது. அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. உலகம் மெச்சத்தக்க சாதனைதான். ஆனால் கூலி வேலை செய்பவருக்கு நாலு கோடிக்கும் நாற்பது லட்சத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரைதான் காப்பீடு. மீதியை எங்கே புரட்டுவது?

நோயாளி என்ன அனுபவிக்க வேண்டும்?

கையில் ஊசியைப் பொருத்தி, ரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியே சுற்றவிடுகிறார்கள். அது வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு மற்றதைத் திரும்ப உடம்புக்கே அனுப்பும். சில மணி நேர வேலை. பிறகு அணுக்கள் தயாரிப்புக் கூடத்துக்குப் போகின்றன. அங்கே புதிய மரபணு சேர்த்து, கோடிக்கணக்கில் வளர்த்து, கிருமி எதுவும் கலக்கவில்லை என்று சோதித்து, உறையவைத்துத் திரும்ப அனுப்புகிறார்கள். ஒருவருக்குத் தயாரித்த மருந்து இன்னொருவருக்கு ஆகாது. பைக்குப் பை பெயர் எழுதிய மருந்து இது. அதனால்தான் ஆயிரக்கணக்கில் ஒரேயடியாகச் செய்து விலையைக் குறைக்க முடிவதில்லை.

ஏற்றுவதற்குச் சில நாட்கள் முன்பு, பழைய வெள்ளை அணுக்களைக் குறைத்துப் புதியவற்றுக்கு இடம் பண்ண மருந்து கொடுக்கிறார்கள். ஏற்றுவது ரத்தம் ஏற்றுவது போலத்தான். வெகு நேரம் ஆகாது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, சிலருக்குக் குழப்பமும் பேச்சுத் தடுமாற்றமும். அணுக்கள் குறைந்து கிடப்பதால் கிருமித் தொற்று பயம். ஏற்றி முடித்ததும் ஊருக்கு வண்டி ஏறிவிட முடியாது. சில வாரங்கள் ஆஸ்பத்திரிக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

பலன் எப்படி? 2025 மார்ச்சில் ‘லான்செட் ஹெமட்டாலஜி’ என்ற மருத்துவ ஏட்டில் இந்திய நோயாளிகளின் முடிவுகள் வெளிவந்தன. மொத்தம் 64 நோயாளிகள். எல்லோரும் மற்ற மருந்துகள் கைவிட்டவர்கள் அல்லது நோய் திரும்பியவர்கள். பலனைக் கணிக்க முடிந்தவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. வேறு வழியே இல்லாதவர்களிடம் இது பெரிய எண்ணிக்கை. அதே கட்டுரை சொல்லும் மற்ற எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பலன் நீடித்த காலத்தின் நடுமதிப்பு, ரத்தப் புற்றில் எட்டு மாதம். நிணநீர்ப் புற்றில் நாலு மாதம். அதாவது பலன் கண்டவர்களில் பாதிப் பேருக்கு அதற்குள் நோய் திரும்பிவிட்டது. சிகிச்சையின் விளைவாகவே இருவர் இறந்தார்கள். மறுபக்கம், அமெரிக்காவில் 2010-இல் இந்த வைத்தியம் செய்துகொண்ட இருவரின் உடம்பில் பத்து ஆண்டு கழித்தும் அந்த டி அணுக்கள் காவல் காத்துக்கொண்டிருந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. யாருக்கு நிற்கும், யாருக்கு நிற்காது என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை இன்னும் கைவரவில்லை.

புற்றணுக்கள் சும்மா இருப்பதில்லை என்பதும் ஒரு காரணம். சில அணுக்கள் சி.டி.19 அடையாளத்தையே உதிர்த்துவிட்டு மாறுவேஷத்தில் தப்பிவிடுகின்றன. பரிசோதகரின் கையிலுள்ள படம் அப்போது பயன்படாது. மரபணுவில் எழுதும் வைத்தியம் என்பதால், அபூர்வமாகச் சிலருக்கு டி அணுவே பின்னால் புற்றாகும் அபாயம் உண்டென்று 2024 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் இவ்வகை மருந்துகளின் மேல் எச்சரிக்கை வாசகம் சேர்க்கச் சொன்னது.

யாருக்கு, யாருக்கு இல்லை

அனுமதி கிடைத்தது பி அணுவில் தோன்றும் கடுமையான ரத்தப் புற்றுக்கும், பி அணு நிணநீர்ப் புற்றுக்கும்தான். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதுவும் மற்ற மருந்துகள் தோற்ற பிறகு. வாய், மார்பு, கருப்பை வாய், வயிறு, நுரையீரல் என்று நம் நாட்டில் அதிகம் காணும் புற்றுக்களுக்கு இது இல்லை. இந்த நிருபர் இதை இரண்டு முறை எழுதவும் தயார். ஏனென்றால், ‘எதிர்ப்புச் சக்தி அணு வைத்தியம்’ என்று இதேபோன்ற பெயர்களை வைத்துக்கொண்டு எல்லாப் புற்றையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சோதனை வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு மருந்துக்கே லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே நிற்க வேண்டும். முறையான சோதனைகள் மத்திய சர்க்காரின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்கும். அதை யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, குழந்தைகளைப் பற்றியது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்று, பெரும்பாலும் பழைய மருந்துகளிலேயே குணமாகக் கூடியது. வசதியான நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கிறார்கள். அந்த மருந்துகளில் ஒன்றான ‘வின்கிரிஸ்டின்’, நம் ஊர் வேலியோரத்தில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மருந்துக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். இலையை அரைத்துக் குடித்தால் போதுமே என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது, அது விஷம். இந்த முதல் வைத்தியம் இரண்டு, இரண்டரை வருஷம் நடக்கும். ஆறு மாதத்தில் குழந்தை ஓடியாடத் தொடங்கிவிடும். நோய் போய்விட்டது என்று நினைத்தோ, வந்துபோகும் செலவு தாளாமலோ பாதியில் நிறுத்துகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். திரும்பி வரும் நோய் பழைய நோய் போல இருப்பதில்லை. நாற்பது லட்ச ரூபாய் வைத்தியத்தைப் பற்றி விசாரிக்கும் நிலைக்கு வந்தவர்களில், முதல் வைத்தியத்தை முடித்திருந்தால் அதைக் கேட்கவே வேண்டியிருந்திருக்காதவர்களும் இருப்பார்கள். புது வைத்தியத்தின் வெளிச்சத்தில் இந்தப் பழைய விஷயம் மங்கிப்போவதுதான் கவலையாக இருக்கிறது.

வேலூரும் ஜெர்மனியும்

நோயாளியின் அணுக்களைக் கம்பெனிக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தயாரித்தால் செலவும் நாளும் மிச்சமாகுமே என்ற யோசனையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. சுமார் ஒன்பது நாளில் அணுக்கள் தயாராகிவிட்டன என்று 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். பெங்களூரில் ‘இம்யூனீல்’ கம்பெனி 2025 ஜனவரியில் நிணநீர்ப் புற்றுக்கு இன்னொரு கார்-டி மருந்தைக் கொண்டுவந்தது. ஆக, போட்டி தொடங்கியிருக்கிறது. போட்டி விலைக்கு நல்லது.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் டாக்டர் கியோர்க் ஷெட் வேறொரு திசையில் போனார். ‘லூபஸ்’ என்று ஒரு நோய்; பி அணுக்கள் தடம் மாறி, தன் உடம்பையே எதிரியாக நினைத்து எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும். இளம் பெண்களை அதிகம் பிடிப்பது. புற்றுநோயில் பி அணுக்களை அடியோடு துடைக்கிற அதே டி அணுக்களை இதற்கும் ஏவினால் என்ன என்று 2021-இல் ஒரு பெண்ணுக்குச் செய்து பார்த்தார். பழைய பி அணுக்கள் போய், சில மாதத்தில் புதியவை முளைத்தன. அவற்றுக்குப் பழைய பகை நினைவில் இல்லை! 2024-இல் லூபஸும் அதைச் சார்ந்த நோய்களும் கொண்ட 15 பேரின் முடிவுகளை வெளியிட்டார். தொடர்ந்து சாப்பிட்டு வந்த மருந்துகளை அவர்கள் எல்லோரும் நிறுத்த முடிந்திருந்தது. சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் உலகெங்கும் பலர் இப்போது இந்த வழியில் இறங்கியிருக்கிறார்கள்.

அணுவை வெளியே எடுக்காமல், உடம்புக்குள்ளேயே டி அணுக்களைத் தேடிப்போய் மரபணுச் செய்தியைச் சேர்க்கும் ஊசியும் சோதனையில் இருக்கிறது. அது கைகூடினால் பைக்குப் பை பெயர் எழுதும் வேலை இருக்காது. மருந்து மருந்தாகவே கடைக்கு வரும். விலை உண்மையில் இறங்குவது அப்போதுதான் என்பது இந்த நிருபரின் எண்ணம்.

வருகிறவர்களுக்குச் சில தகவல்கள்

மும்பைக்கு விசாரிக்கவாவது வர வேண்டும் என்று நினைப்பவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாது. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு, அணுவின் அடையாளங்களைச் சொல்லும் அறிக்கை, இதுவரை கொடுத்த மருந்துகளின் பட்டியல் மூன்றும் அவசியம். இவற்றை அனுப்பி முதலில் ஊரிலுள்ள புற்றுநோய் டாக்டர் மூலமே கேட்டுக்கொள்வது பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும். பி அணு நோயா, சி.டி.19 இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லை என்றால் இந்த வைத்தியத்துக்காக டிக்கெட் எடுக்க வேண்டியதே இல்லை.

ரயில் கட்டணச் சலுகை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. புற்றுநோயாளி சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும்போது, படுக்கை வசதி இரண்டாம் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் விலக்கு. துணைக்கு வரும் ஒருவருக்கு இந்த வகுப்புகளில் முக்கால் பங்கு விலக்கு. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை நிறுத்தப்பட்டபோதும் நோயாளிகள் சலுகை நிற்கவில்லை. எல்லாச் சலுகையும் போய்விட்டது என்று நினைத்து முழுக் கட்டணம் கொடுத்தவர்களைக் கவுண்டரில் பார்க்க முடிகிறது.

இதற்கு ஆஸ்பத்திரி தரும் குறிப்பிட்ட படிவம் வேண்டும். ஸ்டேஷன் முன்பதிவு கவுண்டரில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். படிவத்தில் நோயாளியின் பெயரும், எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரை என்பதும் தெளிவாக இருக்கிறதா, டாக்டரின் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் விழுந்திருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத படிவத்தைக் கவுண்டரில் திருப்பிக் கொடுப்பதைத் தவிர குமாஸ்தாவுக்கு வேறு வழியில்லை. மும்பை லோக்கல் வண்டிகளில் மாற்றுத் திறனாளிகளுக்கான பெட்டியில், உரிய சான்று வைத்திருக்கும் புற்றுநோயாளிகளும் ஏறலாம். டாட்டாவின் பழைய ஆஸ்பத்திரி பரேலில் இருக்கிறது. கார்-டி முதலில் நடந்த நிலையம் கார்கரில். பரேலிலிருந்து கார்கருக்குப் போகிறவர்கள் குர்லாவில் இறங்கி ஹார்பர் லைனில் பன்வேல் வண்டி ஏற வேண்டும்.